காணாமல் போனவருக்காக, கொலையானவருக்காக விடை தேடும் குடும்பங்களுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

என் சித்தப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர், இன்றுவரை வீடு திரும்பவில்லை. 11 வருடம் ஆகிவிட்டது. இதற்குள் அவருடைய வழக்கை 6 விசாரணை அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவருக்கு வேறு பெரிய வழக்கு வந்துவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சித்தி முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. நான்காவது அதிகாரி வந்தபோது கோப்பில் சித்தப்பாவின் புகைப்படமே இல்லை. "நீங்கள் கொடுக்கவே இல்லையே அம்மா" என்றார். சித்தி பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, படம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினார். அந்த அதிகாரி அதற்கப்புறம் எங்களிடம் பேசிய விதமே மாறிப்போனது.

அந்த நோட்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதிகாரிகள் மாறுவார்கள், கோப்பு ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்குப் போகும். வழக்கின் முழு ஞாபகமும் கடைசியில் குடும்பத்திடம்தான் தங்குகிறது. அந்த ஞாபகத்தை, 20 வருடம் கழித்து முன்பின் தெரியாத ஓர் அதிகாரி எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி சேர்த்து வைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. சட்டமும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கே இருந்தாலும் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில்: காத்திருக்காதீர்கள்

"ஒரு நாள் போகட்டும் அம்மா, அவரே வந்துவிடுவார்" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்களும் நம்பி வந்துவிட்டோம். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க முடியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி ஒரு விதியே கிடையாது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை வாங்குவதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் வைக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. உங்களைத் திருப்பி அனுப்பினால், "புகாரை இப்போது வாங்க மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் பல நேரம் புகாரையே வாங்கிக்கொள்வார்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் மேலதிகாரிக்கு அதே நாளில் எழுத்தில் அனுப்புங்கள்.

புகாரில் எதையும் மறைக்காதீர்கள். கடன், குடி, வீட்டில் நடந்த சண்டை, யாருக்கும் தெரியாத உறவு, மனச்சோர்வு என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். குடும்ப மானம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் ஒரு கடன் விஷயத்தை 3 மாதம் சொல்லாமல் வைத்திருந்தோம். அந்த 3 மாதமும் விசாரணை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாப்பிடும் மருந்துகள், வண்டி எண், வங்கி அட்டைகள், போன் எண், கடைசியாக உடுத்தியிருந்த உடை, செருப்பு வரைக்கும் எழுதுங்கள். புகார் எண்ணையும் ஒப்புகைச் சீட்டையும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

சில தடயங்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. சிசிடிவி பதிவுகள் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தானாகவே அழிந்து, அவற்றின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். அவர் போன வழியில் எந்தெந்தக் கட்டடங்களில் கேமரா இருக்கிறது என்று பார்த்து அன்றைக்கே பட்டியல் போடுங்கள். உரிமையாளர்களிடம் "பதிவை அழிக்காமல் வையுங்கள், போலீஸ் வந்து கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டு, பட்டியலை எழுத்தில் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். போன் நிறுவனங்களும் தகவல்களைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருக்கும். அவற்றைப் பாதுகாக்கச் சொல்லி போலீஸ் கடிதம் அனுப்பியாயிற்றா என்று கேளுங்கள்.

அவருடைய அறையைச் சுத்தம் செய்யாதீர்கள். துணிகளைத் துவைக்காதீர்கள், குப்பைக் கூடையைக் கொட்டாதீர்கள். கணினியையும் பழைய போனையும் நீங்களே நோண்டாமல் அப்படியே விடுங்கள். அவருடைய போன் எண்ணை மட்டும் ரத்து செய்துவிடாமல் தொடர்ந்து பணம் கட்டி உயிரோடு வையுங்கள். என்றைக்காவது அழைப்பார் என்ற நம்பிக்கை ஒரு காரணம். அந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால் அவருடைய கணக்குகளுக்குள் நுழையும் வழியும் கூடவே போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

நோட்டு

கணினியில் எழுதுவதைவிட, பக்க எண் போட்ட ஒரு தைத்த நோட்டு நல்லது. பக்கத்தைக் கிழிக்கவோ நடுவில் செருகவோ முடியாது, அதனால் நம்பகத்தன்மை அதிகம். சித்தியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: மேலே தேதியும் நேரமும். அடுத்து யார் பேசினார்கள், அவருடைய பதவி, எண். அதற்குக் கீழே அவர்கள் சொன்னது, முடிந்தவரை அவர்கள் வார்த்தையிலேயே. கடைசியில் "அடுத்து" என்று எழுதி, யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி. அந்தத் தேதி வந்ததும் சித்தி போன் செய்வார். நடந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. நடக்காவிட்டால் புதிய தேதி.

அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து காலவரிசை ஒன்றைத் தொடங்குங்கள். அவர் காணாமல் போவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் யார் வந்தார்கள், எங்கே போனார், என்ன சொன்னார் என்று வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும். கூடி உட்கார்ந்து பேசி எழுதினால் ஒருவர் ஞாபகம் இன்னொருவர் ஞாபகத்தை அமுக்கிவிடும். நேரில் பார்த்தது, இன்னொருவர் சொல்லிக் கேட்டது, நாமாக யூகித்தது ஆகிய மூன்றையும் கலக்காமல் பிரித்துக் காட்டுங்கள். அதிகாரிகளுக்கு இந்தப் பிரிவினை எவ்வளவு உதவும் என்று சொல்லி முடியாது.

ஆவணங்களின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்து, அதன் இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டை மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்து வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

உடலின் அடையாளங்களைச் சேகரியுங்கள்

இதைப் பற்றி யோசிப்பதே கஷ்டம். தேடுகிறவர் உயிரோடு கிடைக்க வேண்டும் என்றுதானே வேண்டிக்கொண்டிருக்கிறோம், இப்போதே ஏன் மரபணு, பல் என்று பேசவேண்டும் என்று தோன்றும். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் உயிரோடு இருந்தும் பேச முடியாத, தன் பெயரே ஞாபகமில்லாத நிலையில் மருத்துவமனையிலோ காப்பகத்திலோ இருப்பவரை அடையாளம் காணவும் இதே விவரங்கள்தான் தேவைப்படுகின்றன.

ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண உலகம் முழுக்க மூன்று வழிகளை முதன்மையாக ஏற்றுக்கொள்கிறார்கள்: கைரேகை, பல் ஒப்பீடு, டிஎன்ஏ. முகத்தைப் பார்த்து உறவினர் சொல்வது அந்தப் பட்டியலில் இல்லை. அதிர்ச்சியில் இருக்கும் மனிதர்கள் தவறாக அடையாளம் காட்டிய சம்பவங்கள் ஏராளம்.

பல் மருத்துவரிடம் போயிருந்தால் எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் உடனே கேட்டு வாங்குங்கள். மருத்துவர்கள் பழைய கோப்புகளைச் சில வருடங்களில் அழித்துவிடலாம். எலும்பு முறிவுக்குத் தகடு வைத்திருந்தால், இதயத்தில் கருவி பொருத்தியிருந்தால் அதில் பெரும்பாலும் தொடர் எண் இருக்கும், அறுவை சிகிச்சைக் குறிப்பில் அந்த எண்ணைத் தேடுங்கள். பழைய அடையாள ஆவணங்களில், வேலையிடத்தில், வேறெங்காவது கைரேகை பதிவாகியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

டிஎன்ஏ விஷயத்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவின் டூத்பிரஷை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று ஈரத்தோடேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பையைத் திறந்தால் தூரிகை முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், நிழலில் முழுக்கக் காயவிடுங்கள், காகித உறையில் போட்டு மூடுங்கள், உறையின் மேல் பொருள், தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி உறை. டூத்பிரஷ், சவரக் கத்தி, வேரோடு முடி ஒட்டியிருக்கும் சீப்பு, துவைக்காத உள்ளாடை, எப்போதோ எடுத்துவைத்த பால் பல் எல்லாமே பயன்படும். வேர் இல்லாமல் வெட்டிய முடியில் கிடைக்கும் தகவல் குறைவு. இன்னொருவரும் சேர்ந்து பயன்படுத்திய சீப்பு என்றால் அதையும் உறையில் எழுதிவிடுங்கள்.

பொருள் எதுவுமே இல்லையென்றாலும் உறவினர்கள் இருக்கிறோம் அல்லவா? தாய், தந்தை, பெற்ற பிள்ளைகள் இவர்களுடைய மாதிரிதான் மிக வலுவானது, ஏனென்றால் டிஎன்ஏ-வில் பாதி இவர்களோடு நிச்சயமாகப் பொருந்தும். உடன்பிறந்தவர்களோடு பொருந்தும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் கொடுப்பது நல்லது. தாய் இறந்துவிட்டிருந்தால் தாயின் உடன்பிறந்தவர்கள், தாயின் அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகள் கொடுக்கலாம். மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் டிஎன்ஏ தாய் வழியாக மட்டும் இறங்கி வருவதால் அது இவர்களிடமும் இருக்கும். கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், வலிக்காது. கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: இந்த மாதிரியைக் காணாமல் போனவரைத் தேட மட்டும்தான் பயன்படுத்துவீர்களா, எந்தத் தரவுத்தளத்தில் போகும், எத்தனை வருடம் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வயதானவர்களிடம் மாதிரி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குழந்தைகளைத் தேடி, பாட்டிமார்கள் 1977-இல் ஒன்றுசேர்ந்தார்கள். குழந்தையின் பெற்றோர் உயிரோடு இல்லை, தாத்தா பாட்டியை வைத்தே உறவை நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். மரபியலாளர் மேரி-கிளேர் கிங் போன்றவர்கள் அதற்கு வழி கண்டார்கள். 1987-இல் சட்டம் இயற்றி ஒரு தேசிய மரபணு வங்கி அமைந்தது. அங்கே மாதிரி கொடுத்த பாட்டிகளில் பலர் இன்று இல்லை. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன மாதிரியோடு ஒப்பிட்டு இன்னும் பேரப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிறார்கள், 130-க்கு மேல் ஆகிவிட்டது. இதைப் பாட்டியிடம் சொன்ன அன்றுதான் அவர் தானாகவே வாயைத் திறந்து காட்டினார்.

படமும் தழும்பும்

எல்லோரும் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு நல்ல படத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் மேக்கப்பும் விளக்கும்தான் தெரியும். சமீபத்தில் எடுத்த, ஃபில்டர் எதுவும் போடாத முகப் படம் ஒன்று, பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்று, முழு உயரப் படம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று கொடுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டும் போடாமலும். பச்சை குத்திய அடையாளம், மச்சம், தழும்பு, வளைந்த விரல், நடையில் ஏதாவது வித்தியாசம் எல்லாவற்றையும் அளவோடும் இடத்தோடும் எழுதுங்கள். பச்சையின் படம் இல்லையென்றால் ஞாபகத்திலிருந்து வரையுங்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். 1992 ஜூனில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஓர் ஆற்றில் கொலை செய்யப்பட்ட பெண்ணின் உடல் கிடைத்தது. யார் என்று தெரியவில்லை. கையில் கறுப்புப் பூவும் பச்சை நிற இலையுமாகப் பச்சை குத்தியிருந்தது, கீழே சில எழுத்துகள். 2023-இல் இன்டர்போலும் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி போலீசாரும் பெயர் தெரியாத 22 பெண்களின் விவரங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். பிரிட்டனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அந்தப் பச்சையைப் பார்த்ததும் தங்கள் வீட்டுப் பெண் என்று அடையாளம் கண்டது. அவர்களுக்குக் கடைசியாக வந்தது 1992 மே மாதத்து அஞ்சலட்டை. 31 வருடம் அவளுக்குப் பெயரில்லாமல் இருந்தது.

அதிகாரியோடு பேசும்போது

குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். எட்டு பேர் எட்டு விதமாகப் போன் செய்தால் எட்டு பேரையும் தவிர்க்கத் தொடங்குவார்கள். அந்தப் பக்கமும் ஒரே தொடர்பு ஆளைக் கேளுங்கள். சில நாடுகளில் இதற்கென்றே குடும்பத் தொடர்பு அதிகாரி இருக்கிறார்.

சந்திக்கப் போகும்போது மூன்று கேள்விக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். குறிப்பெடுக்க இன்னொருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நமக்கு அழுகை வந்துவிட்டால் காதில் எதுவும் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே ஒரு சின்னக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்: "இன்று நீங்கள் இன்னின்னது சொன்னீர்கள், இந்தத் தேதிக்குள் இதைச் செய்வதாகச் சொன்னீர்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும்." வாய்ப்பேச்சு இப்படித்தான் ஆவணமாகிறது.

எல்லாவற்றையும் சொல்லமாட்டார்கள். கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு விவரத்தை வேண்டுமென்றே மறைத்து வைப்பது விசாரணையில் வழக்கம். பொய் வாக்குமூலத்தை இனம்காண அதுதான் உதவும். அதனால் "என்ன கண்டுபிடித்தீர்கள்" என்று கேட்பதைவிட "என்னென்ன செய்து முடித்திருக்கிறீர்கள், என்னென்ன பாக்கி" என்று கேட்டால் பதில் கிடைக்கும். அதிகாரி மாறப்போகிறார் என்று தெரிந்தால், பழையவரும் புதியவரும் சேர்ந்து இருக்கும்போது ஒரு சந்திப்பு கேளுங்கள். நாங்கள் ஐந்தாவது முறைதான் இதைக் கேட்கத் தெரிந்துகொண்டோம்.

கொலை வழக்கு என்றால்

இங்கே உடல் இருக்கிறது, விடை இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை உங்கள் நாட்டுச் சட்டப்படி எப்போது பெறலாம் என்று கேளுங்கள். இறுதிச் சடங்குக்கு முன் இரண்டாவது பரிசோதனை தேவையா, மாதிரிகள் போதுமான அளவு எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அப்புறம் கேட்டுப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் சான்றுப் பொருள்களின் பட்டியல். உடை, நகம், கயிறு, கோப்பை என்று என்னென்ன கைப்பற்றினார்கள், இன்று எந்த அறையில் இருக்கின்றன, அழிக்க ஏதேனும் காலக்கெடு இருக்கிறதா? "வழக்கு முடியும்வரை எதையும் அழிக்கக்கூடாது" என்று எழுத்தில் கோரிக்கை வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கைப் பாருங்கள். 1993 ஏப்ரலில் லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த அந்த இளைஞரை இனவெறிக் கும்பல் குத்திக் கொன்றது. முதல் விசாரணை சீர்கெட்டுப் போனது. பெற்றோர் டோரினும் நெவிலும் விடவில்லை. 1999-இல் வெளிவந்த மேக்பர்சன் அறிக்கை (இந்த வழக்கைப் பற்றிய பொது விசாரணையின் அறிக்கை) போலீசின் குறைகளையும், அந்தக் குடும்பத்தை நடத்திய விதத்தையும் கடுமையாகச் சாடியது. குடும்பத் தொடர்பு அதிகாரிகளுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று சொன்னது. பல வருடம் கழித்துத் தடயவியல் நிபுணர்கள் பழைய பொருள்களை மறுபடி ஆராய்ந்தபோது, சந்தேக நபர் ஒருவரின் ஜாக்கெட் காலரில் ஒரு ரத்தத் துளி கிடைத்தது. அதன் அளவு சுமார் 0.5 மில்லிமீட்டருக்கு 0.25 மில்லிமீட்டர். 2012 ஜனவரியில் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த ஜாக்கெட்டை இடையில் யாராவது தூக்கி எறிந்திருந்தால்?

வழக்கு கிடப்பில் விழுந்த பிறகு

முதலில், "கிடப்பில்" என்பதற்கு அதிகாரபூர்வமாக என்ன பொருள் என்று கேளுங்கள். மூடிவிட்டார்களா, தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்களா? எதிர்த்து முறையிட ஏதாவது காலக்கெடு ஓடுகிறதா? சட்ட உதவி மையத்தில் இலவசமாக ஆலோசனை கிடைத்தால் இந்தக் கட்டத்தில் கட்டாயம் போங்கள். ஒருவர் சட்டவிரோதக் காவலில் இருக்கிறார் என்ற சந்தேகம் இருந்தால், ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு செல்லுபடியாகும் நாடுகளில் அதுவே வேகமான வழி.

மறு ஆய்வு கேட்கும்போது "எப்படியாவது கண்டுபிடியுங்கள்" என்று எழுதினால் கோப்பு நகராது. புதிதாக என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் காலத்தில் சோதிக்கவே முடியாத அளவு சிறிய மாதிரியை இன்று சோதிக்கலாம். கைரேகைத் தரவுத்தளம் பெரிதாகியிருக்கும். அன்று பயந்து வாயைத் திறக்காத சாட்சி இன்று விவாகரத்தாகித் தனியாக இருக்கலாம், குற்றவாளியோடு நட்பு முறிந்திருக்கலாம். காலம் தடயத்தை அழிக்கும், உறவுகளையும் மாற்றும். இரண்டாவது நமக்கு உதவும். அமெரிக்காவில் 2022-இல் கையெழுத்தான ஒரு சட்டப்படி, மத்திய அமைப்புகள் விசாரித்த கொலை நடந்து 3 வருடத்துக்கு மேல் ஆகி, துப்பெல்லாம் தீர்ந்து வழக்கு கிடந்தால் மறு ஆய்வு கேட்கக் குடும்பத்துக்கே உரிமை உண்டு. உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

மரபுவழித் தேடல் என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது. 1970-களிலும் 80-களிலும் கலிபோர்னியாவில் தொடர் கொலைகள் செய்தவரை 2018-இல் பிடித்தது இதனால்தான். பாதுகாத்து வைத்திருந்த மாதிரியின் டிஎன்ஏ-வை வம்சாவளி தேடும் பொதுத் தளத்தில் ஒப்பிட்டு, தூரத்து உறவினர்களைக் கண்டு, அங்கிருந்து குடும்ப மரத்தைப் போட்டு ஆளை நெருங்கினார்கள். அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கவும் இதே முறை பயன்படுகிறது. நீங்கள் உங்கள் டிஎன்ஏ-வை இப்படி ஒரு தளத்தில் ஏற்ற நினைத்தால் வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் ஏற்றுவது அவர்களுடைய தகவலையும் சேர்த்துத்தான்.

எல்லை தாண்டிப் போயிருந்தால்

இன்டர்போலில் காணாமல் போனவர்களுக்கு மஞ்சள் அறிவிப்பு, அடையாளம் தெரியாத உடல்களுக்குக் கறுப்பு அறிவிப்பு என்று இரண்டு உண்டு. குடும்பம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, உங்கள் நாட்டுப் போலீஸ் வழியாகத்தான் போகும். "மஞ்சள் அறிவிப்பு கேட்டிருக்கிறீர்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 2021 முதல் ஐ-ஃபமிலியா என்ற இன்டர்போல் தரவுத்தளம் உறவினர் டிஎன்ஏ-வை நாடு கடந்தும் ஒப்பிடுகிறது. அதிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

போர், பேரிடர், புலம்பெயர்வு இவற்றில் பிரிந்தவர்களைச் செஞ்சிலுவைச் சங்கமும் செம்பிறைச் சங்கமும் கட்டணமின்றித் தேடித் தருகின்றன. தேடுகிறவர் தன் படத்தையே வெளியிட்டு "என் அண்ணனைத் தேடுகிறேன்" என்று சொல்லும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. அரசோ அரசின் துணையோடு யாரோ கொண்டுபோனதாக இருந்தால், ஐ.நா.வின் பணிக்குழு ஒன்று 1980 முதல் குடும்பங்களிடமிருந்து நேரடியாகவே புகார் வாங்குகிறது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட, கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, உண்மையை அறியும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு என்று சொல்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பமும் அதில் அடக்கம். கடிதம் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

வெளியே சொல்லும்போது

சுவரொட்டியில் வீட்டு எண்ணையோ சொந்தப் போன் எண்ணையோ போடாதீர்கள். இதற்கென்று தனி எண், தனி மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 2 மணிக்குப் போன் செய்து "அவர் என்னிடம்தான் இருக்கிறார், பணம் அனுப்பு" என்பார்கள். எங்களுக்கு முதல் மாதத்தில் இப்படி நான்கு அழைப்புகள். உங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரிந்த, எங்கேயும் எழுதாத ஒரு விஷயத்தைத் தயாராக வைத்திருந்து அதைக் கேளுங்கள். பதில் வராது. பதில் வந்தாலும் பணம் அனுப்பாமல் உடனே போலீசிடம் சொல்லுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு குறி சொல்பவர்களிடமும் "உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்பவர்களிடமும் போகாதீர்கள். மனசு உடைந்த வீட்டைத் தேடி வருகிறவர்கள் இவர்கள்.

யார் மேலாவது சந்தேகம் இருந்தால் அதை வலைத்தளத்தில் எழுதாதீர்கள். அவதூறு வழக்கு ஒரு பக்கம். அதைவிட மோசம், ஆள் உஷாராகி தடயத்தை அழித்துவிடுவார், நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சிகள் உங்கள் பதிவைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று வாதாடவும் வழி கிடைத்துவிடும். சந்தேகத்தை நோட்டில் எழுதி, அதிகாரியிடம் கொடுங்கள்.

நிருபர்கள் கேட்டால் பேசுங்கள். ஆனால் அதற்கு முன் எதைச் சொல்லக்கூடாது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். ஆண்டு நிறைவு நாள், அவருடைய பிறந்தநாள், காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. நாளான ஆகஸ்ட் 30 போன்ற நாள்களில் செய்தி எடுபடும்.

வீட்டுக்குள்

குடும்பச் சிகிச்சையாளரும் ஆய்வாளருமான பாலின் பாஸ் 1970-களில் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி, இந்த வேதனைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இருக்கிறார் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் தினம் வாசலைப் பார்ப்பார், இன்னொருவர் படத்துக்கு மாலை போடச் சொல்வார். எங்கள் வீட்டில் இது பெரிய சண்டையானது. இரண்டு பேரில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை, நிலைமைதான் அப்படி என்று ஓர் ஆலோசகர் சொன்ன பிறகுதான் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். குழந்தைகளிடம் "வெளியூர் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லாதீர்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள்.

வங்கி, வீட்டுக் கடன், காப்பீடு இவையெல்லாம் நிற்காது. பல நாடுகளில் 7 வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்குள் சமாளிக்க வேறு வழிகளும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 90 நாள் கழிந்ததும் காணாமல் போனவரின் சொத்தைப் பராமரிக்கப் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அர்ஜென்டினா 1994-இல் இன்னும் ஒரு படி மேலே போய், "கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்" என்று ஒரு சட்ட நிலையையே உருவாக்கியது. இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போடாமலே குடும்பம் சொத்து விஷயங்களைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இறப்புச் சான்றிதழ் கேட்க வேண்டிய நிலை வந்தால், அதனால் தேடல் வழக்கு மூடப்படுமா என்று முதலில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருடம் இரண்டு கடிதம்

சூடு ஆறிய பிறகும் செய்யக்கூடிய ஒரு வேலை இது. வருடத்தில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு நாளும் தவறாமல் விசாரணை அதிகாரிக்குக் கடிதம் அனுப்புங்கள். எங்கள் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, புகார் எண் இன்னது, காணாமல் போனவர் பெயர் இன்னது, தேதி இன்னது. கடந்த ஆறு மாதத்தில் இந்த வழக்கில் எடுத்த நடவடிக்கைகளைத் தெரிவிக்கவும். குடும்பத்தினர் கொடுத்த டிஎன்ஏ மாதிரிகளைப் புதிதாகக் கிடைத்த அடையாளம் தெரியாத உடல்களோடு கடைசியாக ஒப்பிட்ட தேதியைத் தெரிவிக்கவும். சான்றுப் பொருள்கள் அனைத்தும் பத்திரமாக உள்ளன என்பதை உறுதிசெய்யவும். தற்போதைய விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் தெரிவிக்கவும். எங்கள் முகவரியிலும் தொலைபேசி எண்ணிலும் மாற்றம் இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வீடு மாறியதைச் சொல்லாமல் விட்டால், விடை கிடைத்த அன்று அதைச் சொல்ல உங்களைத் தேட வேண்டியிருக்கும்.

நோட்டைத் தொடர ஒரு ஆளையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சித்திக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. இந்த முறை கடிதம் எழுதியது அவருடைய மகள், அப்பா போனபோது அவளுக்கு 9 வயது. ஒப்புகை வந்ததும் மூன்றாவது நோட்டின் 41-ஆம் பக்கத்தில் ஒட்டி, கீழே "அடுத்து" என்று எழுதித் தேதி போட்டாள்.